பத்ரோன் 1964 மதுரோ: முதல் இனிப்பை நம்பி மதிப்பெண் போடலாமா?

#1 செங்கோடன்

அதிகச் சூட்டில் நெடுநாள் புளிக்கவைத்துக் கறுத்த மேலிலை சுற்றிய மதுரோ சுருட்டுகளுக்கு நம் ஆட்கள் எழுதும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை முதல் இருபது நிமிடத்தோடு முடிந்துவிடுகின்றன. கொக்கோ, காபி, உலர்திராட்சை, 92 மதிப்பெண். அவ்வளவுதான். மீதி அரை மணி நேரம் அந்தச் சுருட்டு என்ன செய்தது என்று ஒரு வரி இருக்காது. மதுரோவை எடைபோட வேண்டிய இடமே அந்த மீதி அரை மணி நேரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் காட்டத்தான் இந்த இழை.

எடுத்துக்கொண்டது பத்ரோன் கம்பெனியின் 1964 ஆனிவர்சரி வரிசையில் எக்ஸ்க்ளூசிவோ என்ற அளவு, மதுரோ. ஐந்தரை அங்குல நீளம், 50 ரிங் பருமன். 64 ரிங் என்றால் ஓர் அங்குல விட்டம். ஆகவே இது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். சதுரமாக அழுத்திய வடிவம்.

இதையே எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வரிசையில் நேச்சுரல், மதுரோ என்று இரண்டு வருகின்றன. உள்ளே இருக்கும் கலவை ஒன்றுதான், மேலே சுற்றிய ராப்பர் மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிடித்தால் கறுப்பு ராப்பர் என்ன தருகிறது, உள்ளிருக்கும் ஃபில்லர் என்ன தருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பல கம்பெனிகளில் மதுரோவுக்கென்று உள்கலவையையும் மாற்றிவிடுவார்கள். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்துப் புகையிலைக் குடும்பத்தில் 1926ல் பிறந்தவர். புரட்சிக்குப் பின் வெளியேறி, 1964ல் மயாமியில் ஒரே ஒரு சுருட்டுக்காரரை வைத்துத் தொழில் தொடங்கினார். பிறகு நிகராகுவாவின் எஸ்தெலிக்குப் போனார். 1978 கலவரத்தில் அங்கிருந்த தொழிற்சாலை எரிந்தது. 1985ல் அமெரிக்கா நிகராகுவா மீது வணிகத் தடை போட்டது, 1990 வரை அது நீடித்தது. இத்தனையையும் தாண்டி, 30ஆம் ஆண்டை ஒட்டி 1994ல் கொண்டுவந்த வரிசை இது. இலைகள் குறைந்தது நான்கு ஆண்டு பதப்பட்டவை. அந்த நான்கு ஆண்டுப் பதம் சுருட்டின் கடைசிப் பகுதியில்தான் வெளிப்படுகிறது, கீழே சொல்கிறேன்.

பார்வை: ராப்பர் கறுப்பல்ல, அடர்ந்த பழுப்பு. நரம்பு தெரிகிறது. ஒரு பக்கம் நிறம் கொஞ்சம் ஏறியும் இன்னொரு பக்கம் இறங்கியும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். இலையை இலையாகவே விட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. விரலில் மெல்லிய எண்ணெய்ப் பசை. நீளவாக்கில் மெதுவாக அமுக்கிப் பார்த்தேன், எங்கும் கட்டியும் இல்லை, பொக்கும் இல்லை.

பற்றவைக்கும் முன் வெறும் இழுவை: உலர்திராட்சை, இனிப்பில்லாத கொக்கோத் தூள், பின்னால் கொஞ்சம் காய்ந்த புல். நேச்சுரலில் அந்தத் திராட்சை இல்லை. தேவதாரு மரப்பெட்டி வாசமும் கடலை போன்ற ஒன்றும் இருந்தன.

முதல் பகுதி: இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. நேச்சுரல் மிளகோடு தொடங்கியது. மதுரோவில் மிளகு உண்டு, ஆனால் மூக்கு வழியாகப் புகையை விட்டால்தான் தெரிகிறது. நாக்கில் பால் கலக்காத காபியும் கருப்பட்டியும். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுதினால் நானும் மதுரோதான் எல்லாவற்றிலும் மேல் என்று எழுதுவேன்.

நடுப்பகுதி: இனிப்பு பின்வாங்கியது. மழை பெய்த மண், வறுத்த கொட்டை, பதப்படுத்திய தோல். நேச்சுரலும் மெல்ல இதே இடத்துக்கு நகர்ந்தது.

கடைசிப் பகுதி: இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே விட்டன. மதுரோவில் கசப்பும் இனிப்பும் கலந்த கடும் சாக்லேட் கூடுதலாக நின்றது. முக்கியமானது, அம்மோனியா இல்லை. தொண்டையை அறுக்கும் காரம் இல்லை. விரல் சுடும் வரை பிடிக்க முடிந்தது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது: ராப்பர் உரக்கப் பேசுவது முதல் பகுதியில். கடைசியில் நிற்பது உள்ளே இருக்கும் இலையின் தரமும், அது எவ்வளவு நன்றாகப் புளித்துப் பதப்பட்டது என்பதும். மட்டமான மதுரோவும் முதல் பத்து நிமிடம் இனிக்கும். பாதி தாண்டியதும் கரியும் அம்மோனியாவுமாகச் சரிந்துவிடும். ஆகவே மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இரண்டாம் பாதிக்குப் போக வேண்டும்.

என் மதிப்பெண் மதுரோவுக்கு 94, நேச்சுரலுக்கு 93. உங்கள் கருத்து?

#2 நிழல்மரம்

அண்ணே, அருமையா எழுதியிருக்கீங்க. ஒரு சந்தேகம். இந்த இனிப்பு எங்கிருந்து வருது? இலைல சர்க்கரை இருக்கா? கடைக்காரர் "நல்லாப் பழுத்த இலை, அதான் இனிப்பு"ன்னு சொன்னார்.

#3 செங்கோடன்

தம்பி, நல்ல கேள்வி. சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை.

சிகரெட்டில் போகும் வெர்ஜினியா இலையைச் சூடான காற்றில் சில நாட்களில் உலர்த்துவார்கள். அதில் சர்க்கரை தங்கிவிடும். சுருட்டு இலை கொட்டகையில் தொங்கி வாரக்கணக்கில் காற்றில் உலர்வது. அந்த வாரங்களில் இலை முழுதாகச் சாகவில்லை, தன்னிடமிருந்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தானே செலவழித்துவிடுகிறது.

பிறகுதான் குவியல். ஸ்பானிஷில் அதை பிலோன் என்பார்கள். ஈரம் காட்டிய இலைகளை ஆளுயரத்துக்கு அடுக்குவார்கள். ஈர வைக்கோல் போருக்குள் கைவிட்டால் சுடுமே, அதே போல உள்ளே சூடு தானாக ஏறும். நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, அளவைத் தாண்டினால் குவியலைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியேயும் வெளியிலிருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். அம்மோனியா வெளியேறுவது இங்கேதான். மதுரோவுக்கு இந்தச் சூடும் அதிகம், காலமும் அதிகம். நிறம் கறுப்பதும், வறுத்த பண்டங்களில் வருவது போன்ற மணப்பொருள்கள் உண்டாவதும் அந்தச் சூட்டால்தான். அந்த மணம் தொண்டைப் பின்வழியாக மூக்குக்கு ஏறும்போது நாம் அதை "இனிப்பு" என்று உணர்கிறோம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள், முக்கால்வாசி இனிப்பு காணாமல் போகும்.

மெல்லிய இலை இந்தச் சூட்டைத் தாங்காது, கிழிந்து நைந்துவிடும். அதனால்தான் மதுரோவுக்குத் தடித்த இலைகளாகத் தேடுகிறார்கள்.

#4 பொறுமைசாலி

செங்கோடன், எழுத்து நன்று, முடிவு எனக்கு ஒப்பவில்லை. மூன்று விஷயம்.

ஒன்று. இரண்டு சுருட்டையும் எது எது என்று தெரிந்தே பிடித்திருக்கிறீர்கள். கறுப்பைப் பார்த்தவுடன் நாக்கு கொக்கோவைத் தேடத் தொடங்கிவிடும். சிகார் அஃபிசியனாடோ பத்திரிகையில்கூட சுருட்டின் பெயர்ப் பட்டையை உருவிவிட்டு எண் போட்ட வெள்ளைப் பட்டை சுற்றித்தான் சுவைஞர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கேயும் நிறம் மறைவதில்லை. மதுரோவை உண்மையாக எடைபோட வேண்டுமானால் கண்ணைக் கட்ட வேண்டும். பட்டையைக் கழற்றினால் போதாது.

இரண்டு. மதுரோவாக்கும் அந்தச் சூடு இலையின் ஊரை அழித்துவிடுகிறது என்பது என் நீண்டநாள் வருத்தம். கியூபாவின் வுவெல்தா அபாஹோவில் விளைந்த ஒரு நல்ல இலையைச் சாதாரணமாகப் புளிக்கவைத்தால் அந்த மண்ணின் மணம் வரும். அதையே வேகவைத்ததுபோல் ஆக்கினால் கனெக்டிகட்டும் மெக்சிகோவும் பிரேசிலும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லாம் காபி, எல்லாம் சாக்லேட். கியூபாக்காரர்களே நெடுங்காலம் மதுரோவில் பெரிதாக இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கோஹிபா மதுரோ 5 வரிசை 2007ல்தான் வந்தது, அதுவும் ஹேனியோஸ், மாஹிகோஸ், செக்ரேதோஸ் என்று மூன்றே அளவில், ஐந்தாண்டு பதப்பட்ட ராப்பரோடு. நல்ல சுருட்டு. ஆனால் அதைப் பிடிக்கும்போது எனக்கு கோஹிபாவின் சிக்லோ வரிசையின் அந்தத் தேன் கலந்த புல்வாசம் கிடைப்பதில்லை.

மூன்று. கடைசிப் பகுதிக்கு அவ்வளவு எடை கொடுப்பது வலிமையை விரும்புகிறவர்களுக்கான அளவுகோல். மூன்றில் இரண்டு பங்கோடு வைத்துவிடுகிற ஆட்கள் எத்தனையோ பேர். அவர்கள் ரசித்தது பொய்யா?

#5 தீவான்

செங்கோடன் சொன்ன இனிப்பு விசயத்திலை ஒண்டு சேர்க்க வேணும். எங்கட யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்குக் கோடா போடுறவை. இலைக்கு வெளியாலை இருந்து ஊட்டிற சுவை அது. அந்தச் சுருட்டின்ரை வாசமே தனி, அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டன். அப்பு சுருட்டுக் கொட்டிலிலை வேலை செய்தவர், அந்த வாசத்தோடைதான் வீட்டுக்கு வருவார். ஆனா அது வேறை தொழில். மதுரோவிலை வெளியாலை ஒண்டும் சேர்க்காமல் சூட்டாலையும் காலத்தாலையும் இனிப்பை வரவைக்கினம். அப்பிடித்தான் இருக்க வேணும்.

இருக்க வேணும் எண்டு ஏன் சொல்லுறன் எண்டால், எல்லாரும் அப்பிடிச் செய்யிறேல்லை. இலையை ஆவியிலை அவிச்சுக் கறுப்பாக்கிறவையும் இருக்கினம், சாயம் பூசிறவையும் இருக்கினம். மலிவான மதுரோ வாங்கினால் நுனி முதல் அடி வரை ஒரே கறுப்பு, ஒரு நரம்புகூட நிறம் மாறாமல் இருக்கும். உதட்டிலை வைச்ச உடனை இனிக்கும், பத்த வைக்க முதலே. அப்ப யோசிக்க வேணும்.

ஈரத் துணியாலை துடைச்சுப் பார்க்கச் சொல்லுறவை. அதை நம்பாதேங்கோ. நல்ல மதுரோவைத் துடைச்சாலும் கொஞ்சம் பழுப்பு வரும், அது இலையின்ரை சொந்த நிறம்.

#6 செங்கோடன்

தீவான் ஐயா, உங்கள் அப்பு வேலை செய்த கொட்டிலைப் பற்றி ஒரு தனி இழையே தொடங்குங்கள், கட்டாயம் வாசிப்போம்.

பொறுமைசாலிக்கு:

> கனெக்டிகட்டும் மெக்சிகோவும் பிரேசிலும் ஒன்றாகிவிடுகின்றன

இதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப் இலையைப் பாருங்கள். ஆற்றோர நிலத்தில் வெயிலில் வளர்த்து, இலை இலையாகப் பறிக்காமல் செடியையே தண்டோடு வெட்டித் தொங்கவிடுகிறார்கள். தடித்த, முரட்டு இலை. அந்த இலை சுற்றிய லிகா பிரிவாதா 9 சுருட்டைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அதில் மரக்கரி வாசமும் ஒரு கனமும் இருக்கும், வாயை நிறைத்துக்கொள்ளும். மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்து சான் ஆந்த்ரேஸ் இலையில் அந்தக் கனம் இல்லை. அங்கே எரிமலை மண், புகையில் ஒரு உலர்ந்த மண்வாசமும் தாதுச் சுவையும் வரும். பிரேசிலின் பையா பகுதி மாதா ஃபினாவில் காரமே குறைவு, மணம் மென்மையானது, பழவாசனை. கொக்கோ என்ற ஒரு சொல்லை மூன்றுக்கும் எழுதிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடுமா? சூடு இலையின் ஊரை அழிப்பதில்லை. நாம்தான் மேலோட்டமாகப் பதிவு செய்து அழிக்கிறோம்.

பத்ரோனில் இருப்பது இந்த மூன்றுமல்ல. நிகராகுவாவிலேயே வெயிலில் வளர்ந்த ஹபானோ வகை. அதனால்தான் மதுரோ ஆன பிறகும் அந்த எஸ்தெலி மிளகு மூக்கில் நிற்கிறது. நான் முதல் பதிவில் எழுதிய மிளகு அதுதான். சூடு எல்லாவற்றையும் அழித்திருந்தால் அது எப்படி மிஞ்சியது?

கண்ணைக் கட்ட வேண்டும் என்பது நியாயமான பேச்சு. செய்வோம்.

மூன்றாவதைப் பற்றி: பாதியில் வைப்பவர் ரசித்தது பொய்யல்ல. ரசிப்பதற்கு எந்த விதியும் வேண்டாம். ஆனால் மதிப்பெண் என்று போட்டுப் பொதுவில் வைத்தால், அதை நம்பி ஒருவர் காசு கொடுக்கிறார். முழுச் சுருட்டுக்கும் கொடுக்கிறார். அவருக்கு முழுச் சுருட்டையும் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

#7 கார்முகில்

சென்னையிலிருந்து எழுதறேன். எல்லாரும் சுவை பேசறீங்க. எந்த ஈரப்பதத்துல வைச்சுப் பிடிச்சீங்கன்னு யாருமே எழுதலை. அதைச் சொல்லாம இரண்டாம் பாதியைப் பத்திப் பேசறது அர்த்தமே இல்லை.

மதுரோ ராப்பர் தடிப்பு, எண்ணெய்ப் பசை ஜாஸ்தி. 70 சதவீதத்துல வைச்சா உள்ளே ஃபில்லர் எரிஞ்சு ஓடிடும், ராப்பர் பின்தங்கும். ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சு தோணி மாதிரி ஆகும். அணையும். திரும்பத் திரும்பப் பத்தவைக்கணும். ஒவ்வொரு தடவை பத்தவைக்கும்போதும் கரிச்சுவை ஏறும். அப்புறம் "கடைசிப் பகுதி கசந்தது, மதிப்பெண் 86"ன்னு எழுதிடறாங்க. கசந்தது சுருட்டு இல்லை, சேமிப்பு.

நான் எல்லா மதுரோவையும் ஈரத்தை 65 சதவீதத்துலயே நிறுத்தற போவேடா பொட்டலத்தோட காத்துப்புகாத டப்பாவுல வைக்கிறேன். வாங்கின உடனே பிடிக்கறதில்லை, சில வாரம் அந்த ஈரத்துக்குப் பழக விடறேன். எரிவு அப்படியே மாறிடுது.

நம்ம ஊருக்கு இன்னொரு தொல்லை வண்டு. லேசியோடெர்மான்னு சொல்ற சின்னப் பழுப்பு வண்டு. முட்டை இலையிலேயே இருக்கும், குளிர்ச்சியா இருந்தா சும்மா கிடக்கும். அறை 25 டிகிரிக்கு மேல போச்சுன்னா பொரிஞ்சு குண்டூசி அளவுக்கு ஓட்டை போட்டுட்டு வெளியே வரும். மே மாசம் ஏசி இல்லாத அறையில பெட்டி வைச்சா கதை முடிஞ்சது. ஓட்டை விழுந்த சுருட்டுல காத்து கசியும், இழுவை போயிடும். புதுசா வர்ற எதையும் கெட்டியா மூடி, முதல்ல ஃப்ரிட்ஜ், பிறகு ஃப்ரீசர்ல சில நாள், மறுபடி ஃப்ரிட்ஜ், அப்புறம்தான் வெளியேன்னு படிப்படியாக் கொண்டுவர்றது பாதுகாப்பு. நேரா ஃப்ரீசர்லேர்ந்து வெளியே எடுத்தா ராப்பர் வெடிச்சிடும்.

செங்கோடன், உங்க ஈரப்பதம் என்ன?

#8 செங்கோடன்

இரண்டு சுருட்டும் ஒரே பெட்டகத்தில், 66 சதவீதத்தில் பல மாதம் இருந்தவை. எரிவுக்கோடு இரண்டிலும் நேராகவே போனது, இடையில் திருத்தவோ மறுபடி பற்றவைக்கவோ நேரவில்லை. நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். மதிப்புரை எழுதும் எல்லோரும் ஈரப்பதத்தையும், எத்தனை முறை மறுபடி பற்றவைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

#9 நிழல்மரம்

எனக்குப் புகை, கொஞ்சம் காபி, இதுக்கு மேல ஒண்ணும் பிடிபடலை. நீங்க எழுதற அந்தத் தோல், கொட்டை, திராட்சை எல்லாம் எப்படித் தெரியுது? சாம்பல் வெள்ளையா இருந்தா நல்ல சுருட்டுன்னு சொல்றாங்களே, அதை வைச்சுப் பார்க்கலாமா?

#10 பொறுமைசாலி

தம்பி, சாம்பலை விட்டுவிடுங்கள். அதன் நிறம் மண்ணிலிருக்கும் தாது உப்புகளைச் சொல்லும், மக்னீசியம் போன்றவை. கறுத்த சாம்பல் விடும் அருமையான சுருட்டும் உண்டு. சாம்பல் உதிராமல் ஒரு அங்குலம் நின்றால் உள்ளே துண்டு இலை இல்லை, நீள இலை இருக்கிறது, சுற்றியவர் கை நல்லது என்று தெரியும். அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

சுவைக்கு வருவோம். முதலில் அவசரம் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு இழுவை, அதிகம் போனால் இரண்டு. வேகமாக இழுத்தால் நுனிச் சூடு ஏறி எல்லாச் சுவையும் கரியாகிவிடும், மதுரோவில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புகையை விழுங்கக் கூடாது. வாயில் வைத்துச் சுழற்றி, முக்கால்வாசியை வாய் வழியே விட்டுவிட்டு, மீதியை மட்டும் மூக்கு வழியாக மெதுவாக வெளியேற்றிப் பாருங்கள். ஆரம்பத்தில் எரியும். ஐந்தாறு இழுவைக்கு ஒரு முறை போதும்.

பக்கத்தில் தண்ணீர் மட்டும். ரம்மும் காபியும் ரசிப்பதற்கு நல்ல ஜோடி, எடைபோடும் நாளில் வேண்டாம். காபி குடித்துக்கொண்டே "காபிச் சுவை வந்தது" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோல், கொட்டை என்ற சொற்கள் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். புளிப்பா, உப்பா, கசப்பா, இனிப்பா, காரம் நாக்கிலா தொண்டையிலா, விட்ட பிறகு எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது. இவ்வளவையும் உண்மையாக எழுதினால் அதுவே நல்ல மதிப்புரை. உங்கள் வாயில் தெரியாத ஒன்றை இன்னொருவர் எழுதினார் என்பதற்காக எழுதாதீர்கள்.

#11 அரும்பொன்

இந்த மன்றத்தில் நான் எழுதுவது குறைவு. பல் மருத்துவம் என் தொழில், நிழல்மரம் போன்ற புதியவர்கள் இருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

புகையை உள்ளே இழுக்கவில்லை என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பு தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, அதனால் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். விழுங்காமல் பிடிப்பவருக்கும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. மதுரோ மென்மையாக இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நிறம் கறுத்தது என்பதால் நிக்கோடின் கூடுதலும் இல்லை, மென்மை என்பதால் குறைவும் இல்லை. அது உள்ளிருக்கும் இலை செடியின் எந்த மட்டத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. உச்சியில் வெயில் வாங்கும் லிகெரோ இலையில்தான் அதிகம்.

வெறும் வயிற்றில் இதைச் செய்யாதீர்கள். தலைசுற்றலும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே வைத்துவிட்டு உட்காருங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பழக்கமே இல்லாதவர் தொடங்காமலிருப்பதுதான் நல்லது என்பதையும் மனதாரச் சொல்கிறேன்.

#12 நிழல்மரம்

நன்றி டாக்டர். வலிமையும் நிறமும் வேற வேறன்னு இப்பதான் தெளிவா யாரோ சொல்லிக் கேக்கறேன்.

#13 தீவான்

டொக்டர் சொன்னது முழுக்கச் சரி. அப்புவும் கடைசிக் காலத்திலை தொண்டை வருத்தத்தாலைதான் கஷ்டப்பட்டவர். நான் மாசத்துக்கு ஒண்டு எண்டு வைச்சிருக்கிறன். அந்த ஒண்டு நல்லதா இருக்க வேணும் எண்டுதான் இந்த இழைகளை வாசிக்கிறன்.

செங்கோடனுக்கு ஒரு கேள்வி. எக்ஸ்க்ளூசிவோ 50 ரிங். ராப்பரைத்தான் சோதிக்கிறியள் எண்டால் மெல்லிய சுருட்டு அல்லோ எடுக்க வேணும்? மொத்தம் கூடக் கூட உள்ளுக்கு இருக்கிற இலைதான் கூடும், ராப்பர் ஒரு சுற்றுத்தானே. பிரின்சிபே நாலரை அங்குலம் 46 ரிங். அதிலை மதுரோ இன்னும் உரத்துக் கதைக்கும். 54 ரிங் இம்பீரியலிலை அமுங்கிப் போகும். உங்கட "ராப்பர் கடைசியிலை மௌனம்" எண்ட முடிவு 50 ரிங்குக்கு மட்டும் பொருந்துமோ எண்டு எனக்கு ஐமிச்சம்.

#14 செங்கோடன்

ஐயா, இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கணக்கும் உங்கள் பக்கமே. சுற்றளவு விட்டத்தோடு ஏறுகிறது, உள்ளே இருக்கும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 54லிருந்து 42க்கு இறங்கினால், ராப்பர் ஒரே தடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஃபில்லரோடு ஒப்பிடுகையில் அதன் பங்கு கால்பங்குக்கும் மேல் கூடுகிறது. ஆகவே மெல்லிய அளவில் ராப்பர் கடைசி வரை கேட்க வாய்ப்பு உண்டு. இந்த வரிசையில் சுப்பீரியர் என்று ஆறரை அங்குலம் 42 ரிங்கில் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு நிறத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சேரும். சுருட்டு எரிய எரிய, முன்பே கடந்துபோன புகையின் தார் அடிப்பகுதி இலையில் படிந்துகொண்டே வருகிறது. கடைசி அங்குலத்தில் நாம் சுவைப்பது அந்த அங்குலத்து இலை மட்டுமல்ல, அதற்கு முன் எரிந்த எல்லாவற்றின் மிச்சமும்தான். ராப்பரின் மென்மையான மணம் அதில் மூழ்கிப்போவது இயல்பு. அதையும் மீறி பத்ரோன் மதுரோவில் அந்தக் கடும் சாக்லேட் தலைநீட்டியது என்பதற்குத்தான் நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தேன்.

#15 கார்முகில்

விலையைப் பத்தி யாரும் பேசலை. இறக்குமதி வரி, மத்த வரியெல்லாம் சேர்ந்து நம்ம ஊர்ல இது கைக்கு எட்டற பொருளே இல்லை. வெளிநாட்டிலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க கொண்டுவந்தாத்தான். அந்த நிலைமையில போலி வாங்கி ஏமாறாம இருக்கணும்னா: பத்ரோன் 1964ல இரண்டாவது பட்டையில தனி வரிசை எண் இருக்கும், பெட்டியில இருக்கற ஒவ்வொண்ணுக்கும் வேற வேற எண். எல்லாத்துலயும் ஒரே எண் இருந்தா கையிலகூட எடுக்காதீங்க. கோஹிபா பேரைச் சொல்லிக் கண்ணாடி மூடி போட்ட பெட்டி வந்தாலும் அப்படித்தான், அந்த மாதிரிப் பெட்டியே கியூபாவில கிடையாது.

#16 பொறுமைசாலி

சரி, செங்கோடன். சண்டையை இங்கேயே நிறுத்தாமல் சோதனைக்குக் கொண்டுபோவோம். என் யோசனை:

சுப்பீரியர் அளவில் நேச்சுரலும் மதுரோவும். ஒரே ஈரப்பதத்தில் ஒன்றாகக் கிடந்தவை. வீட்டில் யாராவது பட்டையைக் கழற்றி, வெட்டி, பற்றவைத்து, கண்ணைக் கட்டியிருக்கும் நம் கையில் கொடுக்க வேண்டும். ராப்பரைத் தொட்டாலே மதுரோவின் சொரசொரப்பு காட்டிக் கொடுத்துவிடும், ஆகவே தலைப்பக்கத்தில் மெல்லிய காகிதம் சுற்றிக்கொள்வோம். முதல் அங்குலம், நடு அங்குலம், கடைசி அங்குலம் என்று மூன்று இடத்தில் மட்டும், ஒவ்வொன்றிலும் நான்கைந்து இழுவை, எந்தச் சுருட்டு என்று சொல்ல வேண்டும். உதவுகிறவர் எழுதிக்கொள்வார்.

உங்கள் கருத்துப்படி முதல் அங்குலத்தில் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், கடைசியில் தடுமாறுவார்கள். நான் சொல்கிறேன், முதல் அங்குலத்திலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். அப்படி நடந்தால் இந்த மன்றத்திலிருக்கும் மதுரோ மதிப்புரைகளில் பாதி கண் எழுதியது என்று ஆகிவிடும்.

அரும்பொன் சொன்னதை மனதில் வைத்து, ஒரே நாளில் இரண்டையும் முழுதாகப் பிடிக்க வேண்டாம். மூன்று இடத்திலும் சில இழுவைதான். இடையில் தானாக எரிந்து இறங்கட்டும், அணைந்தால் உதவுகிறவர் பற்றவைத்து, முதல் இழுவையை வீணாக விட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

#17 தீவான்

நான் வாறன். எனக்குச் சுப்பீரியர் இஞ்சை கிடைக்கிறது கஷ்டம், பிரின்சிபே கைவசம் இருக்கு. அதிலை செய்தாலும் சேர்ப்பியளோ? 46க்கும் 42க்கும் என்ன வித்தியாசம் எண்டும் பார்க்கலாம்.

#18 செங்கோடன்

கட்டாயம் சேர்ப்போம், ஐயா. பிரின்சிபே குட்டை என்பதால் மூன்று அங்குலக் கணக்கு நெருக்கமாக வரும். முதல் முக்கால் அங்குலம், நடு, கடைசி முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதத்தையும், எத்தனை முறை மறுபடி பற்றவைத்தார் என்பதையும் உதவுகிறவரிடம் எழுதச் சொல்லுங்கள். முடிவுகளை இதே இழையில் போடுங்கள். யாருடைய மதிப்பெண்ணையும் எல்லோரும் முடிக்கும் வரை எழுத வேண்டாம். கார்முகில், உங்களுக்கு இரண்டு சுப்பீரியர் என் தங்கை ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். போவேடா பொட்டலத்தோடு வரும், ஃப்ரீசர் படியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.